கதவுக்காரரின் மூன்றாவது மாடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். தாளை எடுப்பேன், மேலே ‘முருகா’ என்று எழுதுவேன், அதோடு நின்றுவிடும். எட்டாவது வரைக்கும் படித்துவிட்டு மாவு மில் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். நமக்கு எதற்கு இந்த எழுத்து வேலை என்று ஒரு கூச்சம். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. இவரைப் பற்றி யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நானும் சிரித்தவன்தான். ஆனால் பாதியிலேயே சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். மீதியைக் கேட்க ஆள் இருப்பதில்லை.

இன்றைக்கு முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவில், ஏன், இந்தப் பூலோகத்திலேயே வீடு இல்லாமல் கதவை மட்டும் வைத்துக் குடித்தனம் நடத்தியவர் எங்கள் கதவுக்காரர் ஒருவர்தான்.

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் இருந்திருக்கும். எங்கள் வீதியில் யாரும் கேட்கவில்லை. காய்கறி மண்டியில் மூட்டை தூக்கிய மனிதர், வயது அறுபதுக்கு மேல், வெற்றிலை போடமாட்டார், பீடி கிடையாது, நெற்றியில் எப்போதும் திருநீறு. கிறுக்கு எல்லாம் ஒன்றும் இல்லை. கதவு விஷயம் தவிர மற்ற எல்லாவற்றிலும் நம்மைவிடத் தெளிவானவர்.

அவர் வந்த அன்று காலை நான் மில் திறக்கப் போனேன். பக்கவாட்டுச் சுவரோரம் நடைபாதையில் ஒரு கதவு நிற்கிறது. சும்மா சாய்த்து வைத்த பலகை இல்லை. நிலை, கீல், தாழ்ப்பாள், கைப்பிடி எல்லாம் சேர்ந்த முழு வேப்பமரக் கதவு. நிலையை என் மில்லின் ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. மேலே மாவிலை, நெற்றியில் மஞ்சள் குங்குமம், வாசலில் ஒரு கோணல் கோலம். கதவுக்குப் பின்னால் ஒரு பக்கம் என் சுவர், ஒரு பக்கம் தார்ப்பாய். மூன்றாவது பக்கம் வெட்டவெளி.

வெட்டவெளி வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு பெரியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க, அங்க கதவுன்னு ஒண்ணு நிக்குதல்லங்க? தட்டிப்போட்டு வரலாமல்லங்க?”

சுவர் என்னுடையது. சண்டை போடத்தான் போயிருந்தேன். ஆனால் அவர் கேட்ட மரியாதையில் எனக்கே வெட்கமாகிவிட்டது. திரும்பப் போய்க் கதவைத் தட்டினேன்.

“யாருங்க?”

“நான்தானுங்க. இந்தச் செவுத்துக்காரன்.”

“அடடே, வாங்க வாங்க! தாழ் போடலைங்க, தள்ளிப்போட்டு வாங்க. தலை பத்திரமுங்க, நிலவு கொஞ்சம் தாழ்வு.”

நிலையை எங்கள் பக்கம் நிலவு என்போம். தலையைக் குனிந்து உள்ளே போனேன். உள்ளே என்ன இருக்கும்? அதே நடைபாதை, அதே சாக்கடை மூடி, ஒரு பை, ஒரு முருகன் படம். ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழைந்த மாதிரிதான் இருந்தது. செருப்பைக் கோலத்துக்கு இப்பால் கழற்றிவிட்டு வந்திருக்கிறேன் என்பதே திரும்பும்போதுதான் எனக்குத் தெரிந்தது. போகச் சொல்ல வந்தவன், “டிபன் ஆச்சுங்களாண்ணா?” என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அவர் கதையை அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். குளக்கரையில் முப்பது வருஷம் குடியிருந்தவர். அங்கே வீடு என்றால் தகரமும் தட்டியும்தான். பலருக்கு வாசலில் சாக்குதான் தொங்கும். இவர் மட்டும் மண்டியில் சம்பாதித்ததையெல்லாம் சேர்த்து, ஆசாரியிடம் சொல்லி, முறைப்படி பூசை போட்டு நிலை வைத்துக் கதவு மாட்டினார். அவர் சம்சாரம் ராமாத்தாள் அம்மாவுக்கு அது ஒரு பெருமை. “கதவு வச்ச ஊட்டுக்காரி” என்றுதான் அங்கே பெயராம்.

குளத்தைச் சீர்ப்படுத்தப் போகிறோம், கரையில் இருக்கிறவர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு தருகிறோம் என்று அரசாங்கத்தில் சொன்னார்கள். நல்ல விஷயம்தான். கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வந்தது தைப்பூச சமயம். புருஷனும் பெண்சாதியும் பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தார்கள். வருஷா வருஷம் போகிறவர்கள். வீட்டை விட்டுப் போகும்போது பொறுப்பான மனிதர் என்ன செய்வார்? பூட்டிவிட்டுப் போவார். இவரும் பூட்டினார்.

கணக்கெடுப்பில் அதற்கு ஒரு பெயர் உண்டாம்: பூட்டிய வீடு. சாக்கை விலக்கி எட்டிப் பார்த்தால் ஆள் இருக்கிறதா என்று தெரியும். ஆள் வெளியே போயிருந்தாலும் அடுப்பில் சோறு இருக்கும், கொடியில் துணி இருக்கும். பூட்டியிருந்தால் என்ன தெரியும்? இவர் வேறு எங்கோ இருந்துகொண்டு இங்கே இடம் பிடித்து வைத்திருக்கிறார் என்று நினைக்கத்தானே தோன்றும்? பஞ்சாமிர்தத்தோடு திரும்பி வந்து, அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே போகும்போதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. எல்லாருடைய பேரும் வந்துவிட்டது, இவர் பேர் இல்லை.

“சாக்குத் தொங்கப் போட்டவனுக்கெல்லாம் ஊடுங்க. பூட்டுப் போட்டவனுக்கு ரோடுங்க” என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

மனு கொடுத்தார். மறுபடியும் கொடுத்தார். அதற்குள் இடிக்கிற நாள் வந்துவிட்டது. சனங்கள் பாத்திரத்தையும் டிவியையும் எடுத்துக்கொண்டு ஓட, இவர் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு கதவைக் கழற்ற உட்கார்ந்தாராம். இயந்திரம் வீட்டு முன்னால் வந்து உறுமிக்கொண்டு நிற்கிறது.

“தம்பி, சித்த நிறுத்துங்க. ரெண்டு ஆணிதான் பாக்கி” என்றிருக்கிறார் டிரைவரிடம். டிரைவரும் நிறுத்திவிட்டான். நிலையோடு கதவைப் பெயர்த்து எடுத்து, ஒரு ஓரமாக நிறுத்தி, சூடம் ஏற்றிக் காட்டினாராம். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டாராம். இதை அவர் சொல்லும்போது மில்லில் மாவுக்கு நின்ற பொம்பளைகள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் வீட்டுக்காரி சாந்தாமணி மட்டும் சிரிக்கவில்லை. “அன்னிக்கு ராத்திரி எங்கண்ணா படுத்தீங்க?” என்று கேட்டாள்.

ராமாத்தாள் அம்மாவைப் பொள்ளாச்சிப் பக்கம் அந்த அம்மாவின் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டார். தம்பி ஒரு தென்னந்தோப்பில் காவல் வேலை. தோப்புக்காரர் கொடுத்த ஒற்றை அறையில் அவன் குடும்பமே நெரிசல். அதில் அக்காவும் ஓரமாக ஒண்டிக்கொண்டார். கதவுக்காரர் மட்டும் கதவோடு எங்கள் வீதிக்கு வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே ஒரு வேலைதான். ஊடு வரவேண்டும், ஊட்டுக்காரியைக் கூட்டி வரவேண்டும். ‘விடுபட்டோர் கணக்கெடுப்பு’ என்று ஒன்று வரும், அதில் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். அது எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் கதவுக்காரர் கதவை ஆளில்லாமல் விடுவதே இல்லை. மனுவோடு ஆபீஸுக்குப் போனாலும் சரி, கட்டணக் கழிப்பறைக்குப் போனாலும் சரி, இஸ்திரி மணியைக் கூப்பிட்டுக் கதவுப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் போவார். மணி எங்கள் வீதி முனையில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவன், வாய்த் துடுக்கு ஜாஸ்தி.

“ஏனுங்ணா, ஒரு பூட்டு வாங்கிப் போட்டுட்டு நிம்மதியாப் போயிட்டு வரலாமல்லங்க?” என்பான் வேண்டுமென்றே.

“பூட்டா! மணி, நீ என்னைய அடிக்கக்கூட செய். அந்தப் பேச்சை மட்டும் பேசாத சாமி!”

தைப்பூசம் வந்தது. பழனிக்குப் போகவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. சாமி மேல் கோபமா என்று கேட்டேன்.

“அவருகிட்ட என்னங்க கோவம்? அவரும் ஊட்டை உட்டுப்போட்டு மலை மேல போயி நின்னவருதானுங்க. அவருக்குத் தெரியாதுங்களா நம்ம நெலமை? அடுத்த வருசம் ரெண்டு பேருமா வாரோம்னு சொல்லியிருக்கறனுங்க.”

ஆபீஸ்களுக்கு நடந்து நடந்து அவருக்கு வார்த்தைகள் நிறையப் பழக்கமாகிவிட்டன. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மில்லில் அவிழ்ப்பார். பொம்பளைகள் மாவு வாங்கின பிறகும் போகாமல் நின்று கேட்பார்கள்.

“இன்னிக்கு ஒண்ணு சொன்னாங்க அம்மணி. புறம்போக்குல ரெண்டு வகையாமா. ஆட்சேபணை இல்லாதது ஒண்ணு, ஆட்சேபணை உள்ளது ஒண்ணு. நம்மளது ஆட்சேபணை உள்ளதாமா. முப்பது வருசமா அந்தக் கொளத்து மீனுகூட ஒரு வார்த்தை ஆட்சேபிக்கலைங்களே!”

இன்னொரு நாள்: “என்னைய ‘ஆக்கிரமிப்பாளர்’னு எழுதியிருக்குது. நான் படிக்கலைன்னாலும் கேட்டிருக்கறனுங்க, கோட்டை புடிச்ச ராசாவுகளத்தான் அப்படிச் சொல்லுவாங்க. எம்பட ஊட்டுல கட்டில் போட்டா அடுப்புக்கு எடமில்லை!”

‘நிரந்தரத் தீர்வு’ என்று ஒரு வார்த்தையைக் கொண்டுவந்த அன்றைக்கு மட்டும் சிரிக்க வைக்கவில்லை. “அது சுடுகாட்டுலதான் கெடைக்கும்னு எங்கப்பன் சொல்லும்” என்றார். சாந்தாமணி ஒரு தூக்குப் போசியில் சாம்பார் சாதம் கொடுத்து அனுப்பினாள்.

என் மில்லுக்குக் கதவு எண் பதினாலு. ஒரு நாள் பார்த்தால் அவர் கதவில் சாக்பீஸால் ‘14 அ’ என்று எழுதியிருக்கிறது. கேட்டதற்கு, “கதவு இருக்குது, நம்பர் இல்லாம எப்படிங்க?” என்றார். விளையாட்டாக விட்டுவிட்டேன். அது எப்படியோ பரவிவிட்டது. தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் கதவைத் தட்டிக் கும்பிட்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் டை கட்டின பையன் ஒருவன் வந்து தட்டினான்.

“சார், வீட்டைப் புதுப்பிக்கக் கடன் தர்றோம் சார். உங்களுக்கு விருப்பம் இருக்குங்களா?”

“உள்ள வாங்க தம்பி. கதவு நம்மகிட்ட இருக்குதுங்க. மிச்சத்துக்கு எவ்வளவு தருவீங்க?”

பையன் உள்ளே வந்து நாலாபக்கமும் பார்த்தான். மணி அங்கே இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறான். பையன் நல்ல பிள்ளை. கோபப்படாமல் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

வீடற்றோர் காப்பகத்திலிருந்தும் ஒரு தம்பி அடிக்கடி வருவான். பொறுமைசாலி. முதல் தடவை வந்தபோதே, தட்டிவிட்டுத்தான் உள்ளே போனான்.

“ஐயா, மழை வருது. காப்பகத்துக்கு வந்துருங்க. பாய், போர்வை, சாப்பாடு எல்லாம் இருக்கு. நீங்க வீடற்றவர் வகையில வர்றீங்க.”

“ஊடு இல்லைங்க தம்பி, ஒத்துக்கறேன். அதுக்காக வீடற்றவன்னு சொன்னா எப்படிங்க? கதவைத் தட்டிப்போட்டுத்தான வந்தீங்க?”

“கதவை அங்க வைக்க இடம் இல்லைங்கய்யா.”

“செரி, எங்கூட்டுக்காரியைக் கூட்டிட்டு வரலாமுங்களா?”

“இது ஆண்கள் காப்பகம்ங்க. பெண்களுக்கு வேற இடத்துல இருக்கு.”

“அவ ஒரு எடத்துல, நான் ஒரு எடத்துல. இப்பவும் அப்படித்தானுங்களே இருக்கறோம்? அதுக்கு எதுக்குங்க காப்பகம்?”

தம்பி சிரித்துவிட்டான். அப்புறம் முகம் வாடிப்போய் என்னிடம் வந்து, “குடும்பமா எடுக்கற மாதிரி இங்க வசதி இல்லைங்க. நான் என்ன பண்ணட்டும்?” என்றான். அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ராமாத்தாள் அம்மா நோம்பி, பண்டிகை நாளில் வருவார். உக்கடத்தில் பஸ் இறங்கி, முட்டி வலியோடு மெல்ல நடந்து வந்து, கதவு முன்னால் நின்று தட்டுவார். உள்ளேயிருந்து கதவுக்காரர், “யாருங்க?” என்பார். அவருக்குத் தெரியும். வீதியே பார்க்க நடந்து வருகிறவரைத் தெரியாதா? ஆனாலும் கேட்பார்.

“ம்ம்… உங்க மாமியா வந்திருக்கறேன். தெறங்க.”

“மாமியாளா இருந்தா பலகாரம் கொண்டாந்திருக்கோணுமே?”

“முறுக்கு இருக்குது. பல்லு இருக்குதா உங்களுக்கு?”

கதவைத் திறந்து உள்ளே கூட்டிப் போவார். அந்தத் திறந்த பக்கத்தை நாங்கள் யாரும் பார்க்கமாட்டோம். மணி வண்டியைத் திருப்பிப் போட்டுக்கொள்வான். நான் மில்லில் சும்மாவேனும் மோட்டாரை ஓட விடுவேன். அவர்கள் பேசுவது யார் காதிலும் விழ வேண்டாம் என்றுதான். பொழுது சாய்வதற்குள் அந்த அம்மா கிளம்பிவிடுவார். பொம்பளை ஒருத்தி தெருவில் எப்படி இருட்டைக் கழிப்பது, காலையில் எங்கே போவது? சாந்தாமணி எங்கள் வீட்டில் இருந்துகொள்ளச் சொல்லிப் பார்த்தாள்.

“ஒரம்பரையா, விருந்தாளியா வந்தா ஒரு நாள் இருக்கலாமுங்க அம்மணி. தம்பி ஊட்டுலயும் ஒரம்பரை, உங்க ஊட்டுலயும் ஒரம்பரைன்னா, நான் எப்பத்தான் ஊட்டுக்காரியா இருக்கறது?” என்று சொல்லிவிட்டு, புருஷனைத் திரும்பிப் பார்த்து, “ஊடு வரட்டும், வாரேன்” என்று போய்விடுவார்.

கடைசியில் ஒரு வழியாக விடுபட்டோர் கணக்கெடுப்பு வந்தது. குளக்கரையில் இருந்து விட்டுப்போனவர்கள் இப்போது எங்கே இருந்தாலும் அங்கேயே வந்து பார்த்து எழுதுவார்களாம். ஆள் நேரில் இருக்க வேண்டும், விரல் ரேகை வைக்க வேண்டும். எங்கள் பகுதிக்கு வரும் நாளைக் காப்பகத்துத் தம்பி விசாரித்துச் சொன்னான். வீதிக்கே நோம்பி வந்த மாதிரி ஆகிவிட்டது. சாந்தாமணி புது மாவிலை கட்டினாள். மணி ஒரு வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு மடிப்பு கலையாமல் தேய்த்துக் கொடுத்தான். கதவுக்காரர் முகச்சவரம் செய்துகொண்டு, கையை மூன்று வேளையும் சோப்புப் போட்டுக் கழுவினார். மூட்டை தூக்கிய கை, ரேகை தேய்ந்திருக்குமோ என்று பயம்.

முதல் நாள் மத்தியானம் என் செல்லுக்குப் பொள்ளாச்சியிலிருந்து போன் வந்தது. ராமாத்தாள் அம்மாவின் தம்பி. அக்காவுக்குப் பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, மாமனை உடனே வரச் சொல்லுங்கள் என்றான்.

நான் போய்க் கதவைத் தட்டினேன். சொன்னேன். அவர் முருகன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு வாராங்கங்க மில்காரரே.”

“ஆமாங்ணா.”

“போன தடவை சாமியப் பாக்கப் போயி ஊட்டை உட்டேன். இந்தத் தடவையும் போனா…” நிறுத்தினார். “நான் இங்க இருந்தா அவளுக்கு ஊடு கெடைக்கும். போனா, நான் கெடைப்பேன். எது வேணும்னு அவளையத்தான் கேக்கோணும். அவ எங்க பேசற நெலமையில இருக்கறாளோ?”

“நாளைக்குக் காலையில கையெழுத்து, ரேகை முடிச்சுட்டுப் போலாமாங்ணா?” என்றான் மணி. அவன் நல்லதாகத்தான் சொன்னான்.

சாந்தாமணிதான் அதட்டினாள். “இது என்ன ரோசனை பண்ற சமாச்சாரமாங்ணா? எந்திரிங்க! கதவை நாங்க பாத்துக்கறோம்.”

எழுந்தார். நாளைக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கதவை அகலத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை அண்டக் கொடுத்தார்.

“சாத்தாம பாத்துக்கங்க. காத்துல சாத்திக்கிட்டாலும் தெறந்து உட்டுருங்க” என்று சொல்லிவிட்டு, மணியின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து உக்கடம் போனார். அந்த மனிதர் எங்கள் வீதியை விட்டு வெளியூர் போய் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

மறுநாள் மில்லைத் திறக்கவில்லை. நானும் சாந்தாமணியும் மணியும் அந்தக் கதவோரமே நின்றோம். பகல் வெயிலில் ஒரு பெண் வந்தாள். கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில் காலி. எங்கள் மகள் வயசுதான் இருக்கும்.

“இங்க… ஒரு ஐயா இருக்கறாருன்னு…”

“இருக்கறாருங்க அம்மணி” என்றேன். “பொண்டாட்டிக்குச் சீக்குன்னு பொள்ளாச்சி போயிருக்கறாரு. நாளன்னிக்கு வந்துருவாரு. நீங்க எழுதிக்கங்க. வீதியே சாட்சி.”

“ஆள் இல்லாம பதிய முடியாதுங்க. ரேகை வெச்சாத்தான் அடுத்த பக்கமே போகும்.”

“ரேகை தான? இந்தாங்க!” என்று மணி கட்டை விரலை நீட்டினான். “பத்து விரலும் வெச்சுக்கங்க. கால் விரல் வேணும்னாலும் தாரேன்.”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். “அண்ணா, அது ஆதாரோட ஒத்துப் போகணும்.”

“செரி, ‘பூட்டிய வீடு’ன்னு ஒண்ணு இருக்குமல்ல? அதுலயாச்சும் போடுங்க. திரும்ப வந்து பாப்பீங்கல்ல?” என்றாள் சாந்தாமணி.

“வீடே இல்லீங்களேம்மா. பூட்டும் இல்லையே.” அவள் டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். “இதுல எதுலயுமே வரமாட்டேங்கறாருங்க.”

பிறகு என்ன தோன்றியதோ, திறந்து கிடந்த அந்தக் கதவுக்கு முன்னால் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, மெதுவாகத் தட்டினாள். உள்ளே யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தட்டிவிட்டு, பதில் வருமா என்று காத்திருக்கிற மாதிரி நின்றாள். அப்புறம் ‘ஆள் இல்லை’ என்பதை அழுத்திவிட்டு, சாந்தாமணி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். மறுபடி பார்க்கச் சொல்லி மேலே கேட்கிறேன் என்று சொல்லித்தான் போனாள். கேட்டும் இருப்பாள்.

கதவுக்காரர் திரும்பி வரக் காரியம் எல்லாம் முடிய வேண்டியிருந்தது. மொட்டைத் தலையோடு வந்தார். வெள்ளைச் சட்டை அழுக்கேறிப் போயிருந்தது. அவராகத்தான் சொன்னார்.

“அன்னிக்கு ராத்திரி பூரா பாக்க உடலைங்க, விடியக்காலைலதான் உட்டாங்க. நெனவு இருந்துச்சுங்க. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, குழறிக் குழறித்தான் பேசினா. என்னையப் பாத்ததும் மொதல்ல என்ன கேட்டாங்கறீங்க? ‘கணக்கெடுக்க வந்தாங்களா?’ன்னா. அப்பத்தான் விடிஞ்சிருக்குது. வந்தாங்க, எழுதிட்டாங்கன்னுட்டேன். ‘எந்த மாடி?’ன்னா. மூணாவது மாடின்னேன். தரையிலன்னு சொல்லியிருக்கலாம். ஆனா நம்பமாட்டாளுங்க. ‘அத்தனை சுளுவா நமக்கு யாரு தருவா?’ம்பா. அதனால மூணாவதுன்னேன். ‘இந்த முட்டிய வெச்சுக்கிட்டு எப்படி ஏறுவேன்?’ன்னா. லிப்ட் இருக்குதுன்னேன். ‘வாசல் எந்தப் பக்கம்?’ கெழக்கு. ‘கக்கூசு?’ உள்ளயே இருக்குது. ‘தண்ணி?’ கொழாயில வருது. கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் ஒரு தடவை பாத்தா போல. ‘அப்பச் செரி, நான் வாரேன்’னா.”

மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பறம் பேசலைங்க.”

மணி ஏதோ சொல்ல வாயெடுத்தான். கதவுக்காரர் கையை உயர்த்தித் தடுத்தார். “அவங்க வந்தாங்களா, என்ன எழுதினாங்கன்னு நான் உங்களைக் கேக்கலைங்க. நீங்களும் சொல்லாதீங்க. அவகிட்ட நான் சொன்னது பொய்யின்னு ஆயிருமல்லங்க? நான் சொன்னது சொன்னபடியே இருந்துட்டுப் போகட்டும்.”

நாங்கள் சொல்லவில்லை. அவர் இருந்தவரைக்கும் எங்கள் வீதியில் ஒரு ஆள்கூடச் சொல்லவில்லை. மணிகூடச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் நான் எழுதாமல் இருந்ததற்கும் அதுதான் பெரிய காரணம்.

மாசம் ஒன்றிரண்டு போனது. மணி பெரியநாயக்கன்பாளையம் பக்கம் மாமனார் கொடுத்த துண்டு நிலத்தில் ஒரு சின்ன வீடு கட்ட ஆரம்பித்தான். கதவுக்காரர் ஒரு நாள் என் ஜன்னல் கம்பியிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். “மணி, நல்ல நாள் பாத்து நெலவு வெச்சுக்க. வேப்பமரம், பூச்சி அண்டாது” என்றார். மணி முடியாது என்று அழுதான். “சும்மா இரு சாமி. கதவுன்னா அதுக்குள்ள ஒரு பொம்பள இருக்கோணும்” என்றார். நிலை வைக்கிற பூசைக்கு நாங்கள் எல்லாரும் போனோம். சூடம் காட்டியது அவர்தான்.

அடுத்த வாரம் காப்பகத்துத் தம்பியை அவரே கூப்பிட்டார்.

“இப்ப வாரனுங்க தம்பி.”

“ஐயா… கதவு?”

“இல்லைங்க.”

“அம்மாவுக்கும் உங்களுக்கும் சேர்த்துத் தர இன்னும் இடம் வரலைங்க…” என்று அவன் விஷயம் தெரியாமல் தொடங்கினான்.

“அவளுக்கு எடம் கெடைச்சுருச்சுங்க. நான் ஒத்தையாள்தான். இப்பத்தானுங்க உங்க கணக்குக்கு நான் சரியா வந்திருக்கறேன்.”

அந்தத் தம்பி அவர் பையை வாங்கிக்கொண்டான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் நடந்தான்.

காப்பகத்தில் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். கிருத்திகைக்குக் கிருத்திகை நானும் சாந்தாமணியும் பொங்கல் எடுத்துக்கொண்டு போவோம். மற்றவர்களுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். சிரிக்க வைப்பது குறைந்துவிட்டது. பழனிக்கு மட்டும் ஒரு தடவை நானே கூட்டிப் போனேன். மலை ஏறும்போது படிக்குப் படி நின்று, “ஒவ்வொரு மாடியா ஏறிட்டிருக்கறனுங்க” என்றார். போன வருஷம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். செய்தி வந்ததும் போனேன். அங்கே புதிதாக வந்திருந்த ஒருவர், “நீங்க அவருக்கு என்ன வேணுமுங்க?” என்று கேட்டார். சொந்தம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சிநேகிதன் என்று சொல்ல வாய் வரவில்லை, என்னைவிட மூத்தவர்.

“பக்கத்து வீட்டுக்காரனுங்க” என்றேன்.

இப்போது இரண்டு பேருமே இல்லாததால்தான் எழுதத் துணிந்தேன். படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை யாரிடமாவது சொல்வதானால், இருக்கிறபடியே சொல்லுங்கள். மனசு கேட்காமல் கடைசியில் அவரை ஒரு வீட்டில் குடிவைத்துவிடாதீர்கள். யாரையோ திட்ட வேண்டும் என்று நடக்காததைச் சேர்த்துவிடாதீர்கள். அந்தப் பெண் ஆளில்லாத கதவைத் தட்டினாளே, அதை விட்டுவிடாதீர்கள். முக்கியமாக, மூன்றாவது மாடியை இரண்டாவது ஆக்கவேண்டாம், கிழக்குப் பார்த்த வாசலைத் திருப்பவேண்டாம். அந்த அம்மா அங்கேதான் வந்திருப்பார். நாம் விலாசத்தை மாற்றிச் சொல்லிவிட்டால், பாவம், எங்கள் கதவுக்காரர் மாடி மாடியாகத் தேடிக்கொண்டு அலைவார்.